ஏழாவது படையும் எட்டாவது படையும்: காட்சிக்கூடக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பாலாற்றங்கரை ஊர்களின் வரலாற்றுக்காக அமையவிருக்கும் நிரந்தரக் காட்சிக்கூடத்துக்கு உரை எழுதும் குழுவினருக்கு,

கருத்துக் கேட்டு நீங்கள் அனுப்பிய இரண்டாவது வரைவைப் படித்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். முதல் வரைவில் 'ஆற்காட்டுக் குதிரைப்படை' என்று ஒரு பலகை இருந்தது. இப்போது இல்லை. தொலைபேசியில் காரணம் கேட்டேன். அவர்கள் வெள்ளைக்காரனிடம் சம்பளம் வாங்கிச் சண்டை போட்டவர்கள், 1806இல் வேலூர்க் கோட்டைக்குள் புகுந்து நம் சிப்பாய்களையே வெட்டியவர்கள், அவர்களை நம் சுவரில் ஏற்ற முடியாது என்று பதில் வந்தது. பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு இருக்கவும் முடியவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். ஒவ்வொரு ஜூலையிலும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வேலூர்க் கோட்டைக்கு அழைத்துப் போவேன். ஒரு வருடம் மதில்மேல் நின்று 1806 ஜூலை 10ஆம் தேதி நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து கலகத்தை அடக்கியது என்று சொன்னபோது ஒரு பையன் கை தூக்கினான். "சார், ஆற்காட்ல இருந்து குதிரையில வந்தாங்களே, அவங்க எல்லாருமே வெள்ளைக்காரங்களா?" அவன் வீடு ஆற்காட்டில் இருந்தது. அதனால்தான் கேட்டான். எனக்கு உண்மை தெரியும். கல்லூரியிலேயே படித்திருந்தேன். வெயிலில் நாற்பது பிள்ளைகள் நின்றார்கள், விளக்கப் போனால் அரை மணி நேரமாகும். "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு சொல் இத்தனை வருடமாக என் நெஞ்சில் கிடக்கிறது. இப்போது அதே பொய்யைக் கல்லில் வெட்டி, பேரன் பேத்திகள் காலம் வரைக்கும் நிற்கும்படி செய்யப் போகிறீர்கள். வந்தவர்களில் வெள்ளைக்காரரும் இருந்தார்கள், நம்மவரும் இருந்தார்கள். 19ஆவது லைட் டிராகூன்ஸ் என்ற பிரிட்டிஷ் குதிரைப்படையோடு சேர்ந்து வந்தது 7ஆவது மதராஸ் குதிரைப்படையின் ஒரு பிரிவு. அதில் சேணத்தின்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் ஆற்காடு, வேலூர், திருச்சி போன்ற கர்நாடகப் பகுதி ஊர்களின் பிள்ளைகள். கர்நாடகம் என்று நான் சொல்வது இன்றைய மாநிலத்தை அல்ல, ஆற்காட்டு நவாப் ஆண்ட நம் பகுதியை. பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள், அவர்களோடு மராட்டியரும் ராஜபுத்திரரும் கொஞ்சம் பேர்.

அவர்கள் எப்படி அந்தச் சேணத்துக்கு வந்தார்கள் என்பதைச் சொல்லாமல் அவர்கள் செய்ததை மட்டும் சொல்வது நியாயமில்லை. ஆற்காட்டு நவாபுக்குச் சொந்தமாகக் குதிரைப்படைகள் இருந்தன. 1781 செப்டம்பர் 27ஆம் தேதி சோளிங்கரில் ஐதர் அலியை எதிர்த்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி அயர் கூட் நடத்திய போரில் அந்தக் குதிரைகளும் நின்றன. 1784இல் கம்பெனி அந்தப் படைகளைத் தன் கணக்கில் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு ஆரணியில் அந்த வீரர்கள் சம்பளப் பாக்கி கேட்டுக் கலகம் செய்தார்கள். மதராஸ் குதிரைப்படை என்று பின்னால் பேர் வாங்கியதன் பிறப்பே ஒரு சம்பளச் சண்டைக்கு நடுவில்தான். 1801இல் கர்நாடகம் முழுவதையும் கம்பெனி விழுங்கியது. நவாபுக்குப் பட்டமும் ஓய்வூதியமும் மிஞ்சின. அவரை நம்பியிருந்த குதிரைக்காரக் குடும்பங்களுக்கு என்ன மிஞ்சியது? தலைமுறை தலைமுறையாகக் குதிரை ஏறுவதைத் தவிர வேறு தொழில் அறியாத வீடுகள் அவை. கம்பெனி லாயத்தைத் தவிர அவர்கள் போய் நிற்க வேறு வாசல் இல்லை. கூலிப்படை என்கிறீர்கள். கூலியைத் தவிர வேறு வழியை யார் அவர்களுக்கு விட்டுவைத்தார்கள் என்பதையும் பலகையில் எழுதுங்கள்.

வட இந்தியக் குதிரைப்படைகள் பலவற்றில் வீரனே சொந்தக் குதிரை கொண்டுவர வேண்டும். அதை சிலேதார் முறை என்பார்கள். மதராஸில் அப்படி இல்லை. குதிரை சர்க்காருடையது, ஆயுதம் சர்க்காருடையது. வீரனுக்கு என்று இருந்தது அவன் உடம்பும் அவன் பெயரும்தான். பின்னால் 1857இல் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விவரம் மிகவும் முக்கியம். அங்கே வருகிறேன்.

குதிரை என்றால் வீரன் மட்டும் இல்லை. அவனுக்குப் பின்னால் குதிரைக்காரர்கள், புல்லறுப்பவர்கள், லாடம் அடிப்பவர்கள், கொள்ளு அவிக்கிறவர்கள் என்று ஒரு ஊரே நடந்தது. மதராஸ் படை போகும் இடமெல்லாம் குடும்பங்களும் கூடவே போனது பழைய வழக்கம். பாலாற்றுக்கு இக்கரையில் ராணிப்பேட்டை ஊராக வளர்ந்ததே குதிரைப்படைப் பாளையத்தால்தான். ஊர்ப் பெயர் தேசிங்கு ராஜனின் ராணியால் வந்தது என்று சொல்வோம். தேசிங்கின் குதிரையைப் பற்றிக் கூத்தில் கேட்டு வளராத பிள்ளை நம் பக்கம் உண்டா? அந்த ஒரு குதிரையை இத்தனை தலைமுறை மறக்காத நாம், நூறு ஆண்டு இந்த மண்ணில் கட்டியிருந்த குதிரைகளை எப்படி மறந்தோம்?

என் தாத்தா மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் டபேதார். வெள்ளைச் சட்டை, குறுக்கே சிவப்புப் பட்டை, தலையில் கட்டு. டபேதார் என்றால் கதவு திறந்துவிடும் வேலை என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். டபேதார் என்பது குதிரைப்படையில் ஒரு பதவி, காலாட்படையில் ஹவில்தார் எப்படியோ அப்படி என்று தெரிந்தபோது எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. குதிரை போய்விட்டது, வாள் போய்விட்டது, சொல் மட்டும் ஆட்சியர் அறை வாசலில் நின்றுகொண்டிருக்கிறது. அதைக்கூட யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இதெல்லாம் உங்கள் காட்சிக்கூடம் சொல்லித் தர வேண்டியவை.

போர்க் கணக்கை விரித்துச் சொல்ல இந்த மடல் இடம் தராது. மைசூர்ப் போர்களில் இருந்தார்கள். 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது முற்றுகைப் படையில் இருந்தார்கள். அடுத்த ஆண்டு துண்டாஜி வாக் என்ற கலகத் தலைவனை வடக்கே துரத்திக்கொண்டு போன பிரிட்டிஷ் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லியோடு இருந்தார்கள். 1817 டிசம்பர் 21ஆம் தேதி மஹித்பூரில் மராட்டிய ஹோல்கர் படைக்கு எதிரே நின்றார்கள். முதல் பர்மியப் போருக்குக் கப்பலில் குதிரைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஆனால் அசாயேவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில் இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கும் சின்ன ஊர். 1803 செப்டம்பர் 23ஆம் தேதி மராட்டிய அரசர்களான சிந்தியாவும் போன்ஸ்லேயும் சேர்ந்து நிறுத்தியிருந்த பெரும்படையின் மேல் வெல்லெஸ்லி பாய்ந்தார். 19ஆவது லைட் டிராகூன்ஸோடு 4ஆவது, 5ஆவது, 7ஆவது மதராஸ் குதிரைப்படைகள். குதிரைப்படைக்குத் தலைமை தாங்கிய மேக்ஸ்வெல் அன்றே செத்தார். ஒருமுறை கைப்பற்றிய மராட்டிய பீரங்கிகள் மறுபடி பின்னாலிருந்து சுட ஆரம்பித்தபோது அவற்றை மீட்க வெல்லெஸ்லி தானே அழைத்துக்கொண்டு போனது 78ஆவது காலாட்படையையும் 7ஆவது மதராஸ் குதிரைப்படையையும். கம்பெனி தரப்பில் மட்டும் செத்தவர், காயம்பட்டவர் ஏறத்தாழ 1,600 பேர். மேக்ஸ்வெல்லின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் உண்டு. அவர் பக்கத்தில் விழுந்த நம் ஊர்க் குதிரை வீரனின் பெயர் நான் நடத்திய எந்தப் பாடத்திலும் இல்லை. வெல்லெஸ்லி பின்னாளில் வெல்லிங்டன் பிரபு ஆனார். 7ஆவது படை மூன்று வருடம் கழித்து ஆற்காட்டில் இருந்தது.

இனி 1806. உங்களுக்கு வலிக்கிற இடம் இது. எனக்கும் வலிக்கிறது.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நெற்றியில் குறி கூடாது, தாடியைத் திருத்த வேண்டும், தோல் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று தளபதி கிராடக் காலத்தில் வந்த உத்தரவு. மறுத்தவர்களுக்குக் கசையடி. கோட்டைக்குள் திப்புவின் பிள்ளைகள். ஜூலை 10 விடியுமுன் மூன்று மதராஸ் காலாட்படைகளின் சிப்பாய்கள் எழுந்தார்கள். 69ஆவது பிரிட்டிஷ் படையில் 115 பேரும், தங்கள் சொந்த அதிகாரிகள் 14 பேரும் அவர்கள் கையால் செத்தார்கள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டும் செத்தார். வெளியே இருந்த ஒரு அதிகாரி ஆற்காட்டுக்குத் தகவல் அனுப்பினார்.

ஏறத்தாழ 25 கிலோமீட்டர். இன்று பேருந்தில் முக்கால் மணி நேரம். ஆற்காட்டில் இருந்த 19ஆவது லைட் டிராகூன்ஸின் தளபதி கில்லெஸ்பி, 19ஆவதின் ஒரு பிரிவையும் 7ஆவதின் ஒரு பிரிவையும் கூட்டிக்கொண்டு முன்னால் ஓடினார். குதிரை இழுக்கும் சிறு பீரங்கிகள் பின்னால். காலை ஒன்பது மணி வாக்கில் கோட்டை. மதில்மேல் மிஞ்சியிருந்த 69ஆவது படையினர் கயிறு விட, கில்லெஸ்பி ஏறிப் போனார். பீரங்கி வந்து வாயிலைத் தகர்த்தது. குதிரைகள் உள்ளே புகுந்தன. அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓடியவர்களை வெட்டினார்கள். திப்புவின் பிள்ளைகள் இருந்த மாளிகையில் ஒளிந்திருந்த ஏறத்தாழ நூறு பேரை வெளியே இழுத்து வந்து சுவரோரம் நிறுத்தி, சிதறுகுண்டால் சுட்டுக் கொன்றார்கள். அது கில்லெஸ்பியின் உத்தரவு. அன்று செத்த சிப்பாய்கள் 350 பேர் என்று ஒரு கணக்கு, அதைவிட மிக அதிகம் என்று இன்னொரு கணக்கு. பிறகு விசாரணை. பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டவர்கள், தூக்கிலிடப்பட்டவர்கள், நாடு கடத்தப்பட்டவர்கள். எழுந்த மூன்று படைகளும் பேரில்லாமல் கலைக்கப்பட்டன. கிராடக்கையும் ஆளுநர் பெண்டிங்கையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது.

அன்றைக்கு 7ஆவது படை தயங்கவில்லை. வெட்டப்பட்டவனும் வெட்டியவனும் ஒரே மொழி பேசியிருப்பார்கள். ஒரே சந்தையில் அரிசி வாங்கியிருப்பார்கள். அண்ணன் காலாட்படையிலும் தம்பி குதிரைப்படையிலும் இருந்த வீடுகூட இருந்திருக்கலாம். இதை நான் ஒரு சொல்கூட மென்மையாக்கச் சொல்லவில்லை. பலகையில் இருக்க வேண்டும் என்று கேட்பதே இதற்காகத்தான். வெள்ளைக்காரன் மட்டும் வந்து கொன்றான் என்று எழுதினால், நம்மை வைத்தே நம்மை எப்படி அடக்கினார்கள் என்ற உண்மை அடிபட்டுப் போகிறது. ஒரு தேசம் முழுவதையும் அப்படித்தான் ஆண்டார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்ல வேலூர்க் கோட்டை வாயிலைவிடப் பொருத்தமான இடம் வேறு எது?

எழுந்த சிப்பாய்களுக்கு வேலூரில் தூண் இருக்கிறது. இருநூறாம் ஆண்டில் அஞ்சல்தலை வந்தது. 69ஆவது படையினருக்குக் கோட்டையருகே பழைய கல்லறைத் தோட்டத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் கல் உண்டு. நடுவில் குதிரையில் வந்த நம்மவனுக்கு மட்டும் ஒரு வரியும் இல்லை. புகழ்ந்து ஒரு வரி கேட்கவில்லை. பெயர் சொல்லி ஒரு வரி.

சரி, 7ஆவது படையைச் சுவரில் ஏற்றக் கூடாது என்றே வைத்துக்கொள்வோம். 8ஆவது படையை என்ன செய்யப் போகிறீர்கள்?

உங்கள் வரைவின் 1857 பகுதியில், அந்த ஆண்டு தென்னாடு அமைதியாக இருந்தது என்று ஒரே வாக்கியம். பாடப்புத்தகத்தில் நானும் அப்படித்தான் நடத்தினேன். அந்த ஆகஸ்ட் மாதம் பெங்களூரில் இருந்த 8ஆவது மதராஸ் லைட் கேவல்ரி என்ற குதிரைப்படைக்கு, வங்காளத்துக்குப் போய்க் கலகக்காரர்களோடு சண்டையிட உத்தரவு வந்தது. மதராஸுக்கு நடந்து வந்து கப்பல் ஏற வேண்டும். நடந்தார்கள். மதராஸுக்கு இன்னும் 25 மைல் இருக்கும்போது நின்றார்கள். 1837க்கு முன்னால் இருந்த சம்பளமும் படிப்பணமும் ஓய்வூதியமும் எங்களுக்கு வேண்டும் என்றார்கள். ஆரணியில் அவர்கள் பாட்டன்மார் கேட்டது மாதிரியே. நெருக்கடியில் இருந்த அரசு இறங்கி வந்தது, கேட்டதைத் தருவதாகச் சொன்னது. மறுபடி நடந்தார்கள். பூந்தமல்லி வந்ததும் மறுபடி நின்றார்கள். இந்த முறை காசு கேட்கவில்லை. எங்கள் நாட்டு மக்களை எதிர்த்துச் சண்டை போட மாட்டோம் என்றார்கள்.

காசுக்காக நின்றவர்கள்தானே என்று உங்களில் யாராவது சொல்வீர்கள் என்று தெரிந்தே இதைப் பிரித்துச் சொல்கிறேன். முதல் தடவை காசு. அது கிடைத்தது. கிடைத்த பிறகும் நின்றார்கள். பேராசைக்காரன் செய்கிற காரியமா அது?

பீரங்கிகள் வரவழைக்கப்பட்டன. குதிரையிலிருந்து இறக்கினார்கள். வாளைக் கழற்றினார்கள். நான் முன்பே சொன்னேன், மதராஸில் குதிரை சர்க்காருடையது. அதனால் குதிரைகளையும் சேணங்களையும் கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். வீரன் போக மறுத்த போருக்கு அவன் குதிரை போனது. ஆட்களை ஆற்காட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே அந்தப் படை கலைக்கப்பட்டது. அதன் எண்ணும் அதோடு முடிந்தது.

பூந்தமல்லியிலிருந்து ஆற்காடு கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். வாழ்க்கை முழுவதும் குதிரைமேல் இருந்தவர்கள்.

நான் குடியிருந்த தெருவில் தக்காணி உருது பேசும் ஒரு வயதான அம்மா இருந்தார். இப்போது இல்லை. நாங்கள் எல்லாரும் அவரை நன்னிமா என்போம். அவர் வீட்டுக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க ஒரு இரும்பு அங்கவடியை முட்டுக் கொடுத்திருப்பார். குதிரையில் ஏறும்போது கால் வைக்கிற அதே அங்கவடி, துருப்பிடித்து, ஒரு பக்கம் தேய்ந்து. இது எப்படி உங்கள் வீட்டுக்கு வந்தது என்று ஒருநாள் கேட்டேன். "அவ்வாவோட அவ்வா சொல்லுவாங்க வாத்தியாரே. குதிரையெல்லாம் புடுங்கிக்கிட்டு நடக்க வுட்டாங்களாம். ஒருத்தர் இதை மட்டும் சட்டைக்குள்ள வச்சி எடுத்தாந்துட்டாராம்." எந்தப் படை, எந்த வருடம் என்று அவருக்குத் தெரியாது. பூந்தமல்லி என்ற பெயரும் அவர் வாயில் வரவில்லை. அவர் சொன்னது 8ஆவது படையைத்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வரலாற்று ஆசிரியன், ஆதாரம் இல்லாமல் பேசக் கூடாது. ஆனால் குதிரையைப் பிடுங்கி நடக்கவிட்ட அவமானம் ஒரு வீட்டில் நாலு தலைமுறை தங்கியிருந்தது என்பதற்கு நான் சாட்சி. நன்னிமா இறந்த பிறகு வீட்டை இடித்துக் கட்டினார்கள். அங்கவடி பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். நான் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

இப்படி இன்னும் எத்தனை வீடுகளில் எத்தனை பொருள்கள் இருக்கின்றன என்று உங்கள் குழு ஒரு தெருவிலாவது போய்க் கேட்டதா?

இவர்களைப் பற்றிப் பேச வேறு யாரும் இல்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். மதராஸ் குதிரைப்படையின் முதல் மூன்று படைகள் பிழைத்தன. 1903இல் 26, 27, 28 என்று எண் மாறி, இன்று இந்திய ராணுவத்தின் கவசப் படையில் 8ஆவது, 16ஆவது, 7ஆவது லைட் கேவல்ரி என்று வாழ்கின்றன. 1923இல் இந்திய அதிகாரிகளைக் கொண்டு நடத்தத் தேர்ந்தெடுத்த எட்டுப் படைகளில் அவற்றில் இரண்டு இருந்தன. 1948 நவம்பர் 1ஆம் தேதி ஜோஜிலா கணவாயில் பனிக்கு நடுவே டாங்கிகளை ஏற்றியது அந்த 7ஆவது கேவல்ரிதான். 16ஆவது கேவல்ரியை பர்மாவில் நடத்திய ஜெயந்த நாத் சௌதுரி பின்னாளில் தரைப்படைத் தலைமைத் தளபதி ஆனார். அவர்களுக்குப் படைமுகாம் இருக்கிறது, ஆண்டு விழா இருக்கிறது, பெயர்ப் பட்டியல் இருக்கிறது. ஆனால் அசாயேயில் நின்ற 4, 5, 7 மூன்றும், பூந்தமல்லியில் நின்ற 8ஆவதும் கலைக்கப்பட்டவை. எண்ணில் குழம்பிவிடாதீர்கள், ஜோஜிலா ஏறிய 7 வேறு, வேலூருக்கு வந்த 7 வேறு. உங்கள் முதல் வரைவிலேயே அந்தக் குழப்பம் இருந்தது. கலைந்த படைக்கு வாரிசு இல்லை. அது பிறந்து வளர்ந்து கலைந்த ஊர்தான் அதற்கு வாரிசு. அந்த ஊர் நாம்.

இந்திய ராணுவமே இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. சொந்த நாட்டு மக்களை எதிர்த்து அந்நியனுக்காக வென்ற போர்களின் பெருமைப் பெயர்களை அது கொண்டாடுவதில்லை. ஆனால் அந்தப் போர்கள் நடக்கவே இல்லை என்று சொல்வதில்லை, தன் படைகளின் பிறந்த ஆண்டை மாற்றி எழுதுவதும் இல்லை. கொண்டாடாமல் இருப்பது வேறு. அழிப்பது வேறு. நீங்கள் செய்திருப்பது இரண்டாவது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

நீக்கிய பலகையைத் திரும்ப வையுங்கள். ஒன்றாக அல்ல, இரண்டாக. ஒன்று 7ஆவது படைக்கு. அசாயேயும் வேலூரும் ஒரே பலகையில் இருக்கட்டும். 1806 ஜூலை 10 அன்று 19ஆவது லைட் டிராகூன்ஸோடு வந்தவர்கள் நம்மவர்கள் என்ற வாக்கியம் பெரிய எழுத்தில், தமிழில், முதல் வரியிலேயே வர வேண்டும். சுவரோரம் நிறுத்திச் சுட்டதும் அதில் வர வேண்டும். இன்னொன்று 8ஆவது படைக்கு. மதராஸுக்கு வரும் வழியில் அவர்கள் இரண்டு முறை நின்றதும், முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் இருந்த வேறுபாடும், ஆற்காட்டில் கலைக்கப்பட்டதும். 1857இல் தென்னாடு அமைதியாக இருந்தது என்ற வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மதராஸ் அரசின் ராணுவத் துறைப் பதிவுகள் இருக்கின்றன. உங்கள் குழுவிலிருந்து இரண்டு பேரை அனுப்பி, 1806க்கும் 1857க்குமான பக்கங்களைப் படித்து, இந்திய வீரர்களின் பெயர்கள் எங்கே கிடைத்தாலும் எடுத்து வரச் செய்யுங்கள். பத்துப் பெயர் கிடைத்தாலும் பத்தையும் பலகையில் போடுங்கள். எனக்குப் பேருந்துக் கட்டணம்கூட வேண்டாம், நானும் வருகிறேன்.

இரண்டு பலகைகளையும் தமிழோடு உருதுவிலும் எழுதுங்கள். அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். தங்கள் முன்னோரைப் பற்றித் தங்கள் எழுத்தில் படிக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

திறப்பு விழாவுக்கு முன்னால் ஆற்காட்டிலும் ராணிப்பேட்டையிலும் வேலூரிலும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கி, பழைய குதிரைப்படைப் பொருள், கடிதம், ஓய்வூதியச் சீட்டு, படம், வீட்டில் சொல்லிவரும் கதை எது இருந்தாலும் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். வாங்கிக்கொள்ள வேண்டாம். படம் எடுத்துக்கொண்டு, சொல்வதை எழுதிக்கொண்டு, பொருளை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது வரைவை அச்சுக்கு அனுப்புமுன் எங்களுக்குக் காட்டுங்கள். இந்த மடலுக்கு எழுத்தில் பதில் வேண்டும். பலகைகளை வைக்க மாட்டோம் என்று முடிவெடுத்தால் அதற்கான காரணத்தையும் எழுத்தில் தாருங்கள். தொலைபேசியில் வேண்டாம். அந்தக் காரணத்தை நான் என் பழைய மாணவன் ஒருவனிடம் காட்ட வேண்டியிருக்கிறது. அவன் இன்னும் ஆற்காட்டில்தான் இருக்கிறான். அவன் மகள் இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
ராணிப்பேட்டை